அமெரிக்கர்கள் கிளம்பும்போது ஆளெண்ணுவது யார்

என் வீட்டு வாசலிலிருந்து சந்திக் கடைக்கு இறங்க நானூற்றுப் பன்னிரண்டு அடி. திரும்பி ஏறும்போது நானூற்று அறுபதைத் தாண்டிவிடும். வயது ஏற ஏற அடி குறுகிக்கொண்டே போகிறது. இருந்தாலும் கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு காலைகூடத் தவறாமல் இறங்கியிருக்கிறேன். கடையில் உட்கார இரண்டு வாங்கு, ஒரு மேசை, ஒரு வானொலி, ஏழு பேர் பங்கு போட்டுப் படிக்கிற ஒரு தினசரி. வேறு போக்கிடம் எங்கள் தோட்டத்தில் இல்லை. மேலே தேயிலை, கீழே ரப்பர், நடுவில் ரம்புக்கனைக்குப் போகிற பஸ் பாதை. அவ்வளவுதான் ஊர்.

ஈராக்கிலிருந்து படையை எடுப்பதா, எடுப்பதானால் எப்போது என்று அமெரிக்காவில் கட்சிகள் மல்லுக்கட்டிய ஆண்டுகளில், அதே மல்லுக்கட்டு எங்கள் கடையிலும் நடந்தது. ஒரு கட்சி திகதி குறிக்கச் சொன்னது. திகதி குறித்தால் எதிரி அதுவரை பதுங்கிக் காத்திருப்பான் என்றது மற்றக் கட்சி. எங்கள் கடையில் திகதிக் கட்சிக்குத் தோட்டத் தலைவர் தலைமை. தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் தலைவர், அதனால் எல்லோருக்கும் அவர் பெயரே தலைவர்தான். நாளைக்கே எல்லோரும் போகவேண்டும், அடுத்தவன் வீட்டில் புகுந்தவனுக்கு என்ன தவணை என்பது அவர் வாதம்.

நானும் ஒரு காலத்தில் அதையே சொன்னவன். போர் தொடங்கியபோது கேகாலை நகரில் பதாகை பிடித்து நின்றேன். நாற்பத்தொரு பேர் நின்றோம். அன்று எனக்குப் பக்கத்தில் நின்றவர் இதே தலைவர். இப்போது நான் மாறிப் பேசினேன். மெல்ல மெல்லப் போகட்டும், ஒழுங்குபடுத்திவிட்டுப் போகட்டும் என்றேன். ஆறு பேர் ஒரு பக்கம், நான் ஒருவன் மறுபக்கம்.

"கணக்கபுள்ள ஐயாவுக்கு வெள்ளக்காரன் கெளம்புறான்னா மனசு தாங்காது. தொர பங்களா வாசல்ல நின்ன பழக்கம் லேசுல போகுமா?" என்பார் தலைவர். வாங்கு இரண்டும் சிரிக்கும். நான் தேநீரைக் குடித்துவிட்டு ஏறிவிடுவேன்.

என் மகன் அந்த ஈராக்கில்தான் இருந்தான் என்பதை நானும் என் மனைவியும் யாருக்கும் சொல்லவில்லை. குவைத்தில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை என்றுதான் ஏஜென்சிக்காரன் கூட்டிப்போனான். ஊராரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். இறங்கிய பத்தொன்பதாம் நாள் அவனையும் இன்னும் பலரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி, எல்லை கடத்தி, அமெரிக்க முகாம் ஒன்றின் சமையற்கட்டில் விட்டார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்கே சொன்னான். ஈராக்குக்கு வேலைக்குப் போக அப்போது நம் நாட்டில் அனுமதி இல்லையாம். வெளியே தெரிந்தால் கடவுச்சீட்டில் சிக்கல் வரும், வாயைத் திறக்காதீர்கள் என்றான். திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் போனில் பேசுவான். ஒருநாள் சும்மாதான் கேட்டேன், படை கிளம்பினால் உங்களை எப்போது அனுப்புவார்கள் என்று. கடைசிச் சிப்பாய் சாப்பிடுகிற வரைக்கும் சமையற்காரன் இருக்கவேண்டுமே அப்பா என்றான். அதில் எனக்குத் தூக்கம் போயிற்று. அப்படியானால் துப்பாக்கி வைத்திருப்பவன் முதலில் போகிறான், கரண்டி வைத்திருப்பவன் பிறகு போகிறான். நடுவில் இருக்கிற நாள்களில் முகாம் வாசலைப் பார்ப்பது யார்? நாளைக்கே போகட்டும் என்று தலைவர் மேசையைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் தெரிந்தது. போருக்கு எதிராகப் பதாகை பிடித்த நான், சிப்பாய்கள் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதற்குக் காரணம் என் தொழில். முப்பத்தாறு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். காலையில் பிரட்டுக் களத்தில் ஆளெண்ணி மலைக்கு அனுப்புவதும், மாலையில் எண்ணி இறக்குவதும் என் வேலை. செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தில் இருக்கிற பேர்கள் அத்தனையும் பதில் சொன்ன பிறகுதான் கணக்கப்பிள்ளை மலையை விட்டு இறங்கவேண்டும். கடைசியில் இறங்குகிறவன் அவன். அந்த வழக்கத்தை நான் மீறியதே இல்லை. பல வருடம் முன்பு ஒருநாள் நடந்த தவறும் அதை மீறாமல் நடந்ததுதான்.

அன்று கொழுந்து முற்றிப்போகிற நிலை. பிரட்டுக்கு முப்பத்திரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். போதாது என்று லயத்து வீடுகளில் இருந்த இரண்டு பெண்களைக் கைக்காசுக்குக் கூப்பிட்டேன். கைக்காசு ஆள் என்றால் அன்றைக்கு எடுத்த கொழுந்துக்கு அன்றைக்கே கூலி. செக்ரோலில் பேர் இருக்காது. பிற்பகல் இரண்டரைக்கு வானம் கறுத்து மழை கொட்டியது. மேலே எங்கோ மண் சரிகிற சத்தம் கேட்டது. விசில் ஊதி எல்லோரையும் பாதைக்கு வரச்சொல்லி, நனைந்த செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டேன். முப்பத்திரண்டு பேர், முப்பத்திரண்டு பதில். இறக்கிவிட்டேன். தேயிலை ஸ்டோர் வாசலில் தோட்டத் துரை குடையோடு நின்றார். எல்லோரும் வந்தாயிற்றா என்றார். "கணக்கு சரிங்க தொர" என்றேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கைக்காசுப் பெண்கள் இருவரும் மேல் நிரையில், பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். விசில் அவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்து ஒருத்தி மற்றவளை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினாள். சுமக்கப்பட்டவளுக்குக் கால் முறிந்திருந்தது. அவள் தலைவரின் அக்கா. இன்றைக்கும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். தலைவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எது சொன்னாலும் மறுத்துப் பேசுவதோடு சரி.

கடைசிச் சிப்பாய் பேச்சுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மகனிடம் கேட்டேன், உன் பேர் யாருடைய செக்ரோலில் இருக்கிறது என்று.

"செக்ரோலாப்பா? மேல ஒரு கம்பனி இருக்கு. அதுக்குக் கீழ ஒண்ணு. எங்கள கூட்டிட்டு வந்தவன் அதுக்கும் கீழ. நாங்க இங்க கைக்காசு ஆளுங்க மாதிரிதான்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுக்கு அந்தப் பழைய கதை தெரியாது. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். முற்றத்தில் கோழிகள் ஒன்பது. மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான்.

மறுநாள் கடையில் வானொலி படை விலகலைப் பற்றிச் சொன்னது. இந்த வருட முடிவுக்குள் அத்தனை பேரும் வெளியே என்றது. தலைவருக்குச் சந்தோஷம். போகிறவன் போகட்டும், மிச்சம் இருக்கிறவன் தன்பாட்டைப் பார்த்துக்கொள்வான் என்றார். அவர் வழக்கமாகச் சொல்கிற பேச்சுதான். ஆனால் அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"மிச்சம் இருக்கிறது என் மகன் தலைவரே. அவன் குவைத்துல இல்ல. அங்கதான் சமைக்கிறான்" என்றேன்.

கடைக்காரர் வானொலியைத் தணித்தார். நான் காலித் தம்ளரை வைத்துவிட்டு ஏறினேன். அன்று அடி எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க சொல்லாட்டி நான் சொல்லியிருப்பேன். எத்தன நாளைக்கு வயித்துல வச்சிக்கிட்டு இருக்கிறது?" என்று மட்டும் சொல்லி அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மாலை ஐந்து மணிக்குத் தலைவர் வந்தார். என் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பின்னாலேயே, காலை இழுத்துக்கொண்டு அவர் அக்கா. தலைவர் நேரே விஷயத்துக்கு வந்தார். வெளிநாட்டு வேலைக்குப் பொறுப்பான அலுவலகம் கொழும்பில் இருக்கிறது, அங்கே ஒரு கடிதம் கொடுக்கவேண்டும், சிங்களத்தில் டைப் அடித்துக்கொண்டு நேரில் போகவேண்டும், தானும் வருகிறேன் என்றார். மகன் களவாகப் போனவனாயிற்றே என்றேன். போனது குற்றம் என்றால் வந்த பிறகு விசாரிக்கட்டும், முதலில் வரட்டும் என்றார். பதாகை பிடித்த நாளுக்குப் பிறகு அரசியலில் அவரோடு நான் உடன்பட்டது அன்றைக்குத்தான்.

அவர் அக்கா உட்காரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளம்பும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பேர எழுதுங்கய்யா. ஒருத்தரையும் விட்டுறாம எழுதுங்க. பேரு இல்லாட்டி ஆளே இல்லன்னு நெனச்சிக்குவாங்க."

குத்திச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மகனிடம் கேட்டேன், நம்ம ஆளுங்க எத்தன பேரு என்று. பதினான்கு என்றான். லைன் அறுந்து அறுந்து வந்தது. ஒவ்வொரு பேரையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லி, ஊரையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் கேட்டு எழுதினேன். குருவிட்டக்காரர் ஒருவர், எம்பிலிப்பிட்டியக்காரர் இருவர், மற்றவர்கள் பல திக்கு. சிங்களப் பேர் எட்டு, தமிழ்ப் பேர் நான்கு, முஸ்லிம் பேர் இரண்டு. கூட்டிப் பார்த்தேன், பதினான்கு. எழுதி முடித்தபோது பழைய நாள்களைப் போல ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகித்திருக்கவேண்டும்.

ரம்புக்கனையில் கடிதத்தை அடித்துக்கொண்டு ரயிலில் கொழும்புக்குப் போனோம். மூன்று இடங்களில் நின்றோம். கடைசியில் ஒரு அதிகாரி மாத்தயா பொறுமையாக வாசித்து, பிரதியில் முத்திரை குத்திக் கொடுத்தார். திரும்பும்போது தலைவர் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். எனக்கும் அவருக்கும் சேர்த்து நூற்று முப்பத்தொன்பது வயது. இந்த வயதில் அமெரிக்காவின் வேலையை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. கோபம்கூட வரவில்லை, களைப்புத்தான் வந்தது.

வருட முடிவில் படை விலகியது. கடைசி வண்டிகள் எல்லையைத் தாண்டிவிட்டன என்று வானொலி சொன்னபோது கடையில் ஒருவரும் கை தட்டவில்லை. தலைவர் என் பக்கம் திரும்பாமல் தினசரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனிடமிருந்து இருபத்து மூன்று நாள் பேச்சில்லை. மனைவி சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் எண்ணுவதை நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. இருபத்து நான்காம் நாள் குவைத்திலிருந்து பேசினான். ஒன்பது நாள் கழித்து ரம்புக்கனை ஸ்டேஷனில் இறங்கினான். அந்த ரயிலிலிருந்து இறங்கியவர்கள் அறுபத்தேழு பேர். அறுபத்தேழாவது அவன்.

பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னான். சிப்பாய்கள் போன பிறகு சமையற்கட்டில் மிச்சமிருந்தவர்கள் பதினெட்டுப் பேர். பதினாறு நாள் இருந்தார்கள். வாசலில் காவலுக்கு நின்றவர்கள் யாருடைய ஆள்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. பிறகு ஒரு காலையில் கம்பனிக்காரன் ஒருவன் இரண்டு வேனும் ஒரு தாளுமாக வந்தானாம்.

"வாசல்ல நின்னு பேர் கூப்பிட்டான்ப்பா. நீங்க பிரட்டுல கூப்பிடுற மாதிரியே. பதினாலு பேரு. அவன் சொன்ன ஊருப் பேரெல்லாம் நான் உங்களுக்குச் சொன்ன வரிசையிலயே இருந்துச்சு."

"மத்த நாலு பேரு?"

"நேபாளத்துக்காரங்க. ஒரே கொட்டில்லதான் எல்லாரும் படுப்போம். அவங்களும் பையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாங்க. தாள்ல பேர் இல்லன்னு சொல்லிட்டான்."

அவர்கள் பேரை நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். குற்றம் சொல்கிற குரலே இல்லை.

"நீங்க நம்ம ஆளுங்க எத்தன பேருன்னுதானப்பா கேட்டீங்க."

எழுதியிருந்தாலும் கொழும்பு அலுவலகம் அந்த நான்கு பேரை வெட்டித்தான் இருக்கும், அவர்கள் வேறு நாட்டுக்காரர்கள் என்று தலைவர் பின்னால் சமாதானம் சொன்னார். இருக்கலாம். அந்தத் தாள் எங்கள் கடிதத்திலிருந்துதான் போனதா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. ஆனால் கேட்காதவன் நான். அவர்களில் ஒருவரின் போன் இலக்கம் மகனிடம் இருந்தது. இரண்டு மாதம் முயன்றான். மணி அடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இப்போது எம்பிலிப்பிட்டியவில் ஒரு ஹோட்டலில் சமைக்கிறான். கூட வேலை செய்த எம்பிலிப்பிட்டியக்காரர் ஒருவர்தான் சேர்த்துவிட்டார்.

அவன் வந்த மறுநாள் தலைவரின் அக்கா பார்க்க வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாள். மகனின் தலையைத் தடவினாள். பிறகு என்னிடம் கேட்டாள், எல்லாரும் வந்துட்டாங்களாய்யா என்று. கணக்கு சரி என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. முப்பத்தாறு வருடம் சொன்ன வாய்.

"பதினாலு பேர் வந்துட்டாங்க. நாலு பேர எழுத விட்டுட்டேன்" என்றேன்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவி தேநீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

பிறகு அமெரிக்கர்கள் திரும்பவும் ஈராக்குக்குப் போனார்கள். இருப்பவர்கள் எப்போது வெளியேறுவது என்று இப்போது மறுபடியும் பேசுகிறார்கள். கடையில் அதே இரண்டு வாங்கு. ஏழு பேரில் நாங்கள் மூவர்தான் மிச்சம். தலைவர் இப்போதும் நாளைக்கே போகட்டும் என்கிறார், ஆனால் மேசையைத் தட்டுவதில்லை. ஐயா என்ன சொல்றீங்க என்று ஒரு வார்த்தை என்னையும் கேட்கிறார். நான் செய்தி முடிகிறவரை கேட்கிறேன். சிப்பாய்களின் தொகையை ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். சமையற்கட்டில் எத்தனை பேர் என்று இதுவரை ஒருநாளும் சொன்னதில்லை.