சிவப்புத் தாள் வராத வருடம்

பொங்கல் முடிந்து மூன்று வாரமாகியும் சிங்கப்பூரிலிருந்து உறை வரவில்லை. தாமரைச்செல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனையூரில் தபால்காரரை நான்கு தடவை மறித்துக் கேட்டுவிட்டாள். இப்போது அவளுக்குக் கே.கே. நகரில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கேயும் மருந்து கொடுத்த கையோடு போனைத்தான் எடுத்துப் பார்த்தாள்.

சிங்கப்பூரில் ஒரு சீனர் வீட்டில் பதினோரு வருடம் இருந்தவள் அவள். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன முதியவரைக் கவனித்துக்கொண்டாள். சீனப் புத்தாண்டுக்கு முன் அவர் சிவப்புத் தாளில் தூரிகையால் இரண்டு வரி எழுதுவார்; தாள் நகராமல் இவள் பிடித்துக்கொள்வாள். ஒரு வரியில் மலை வந்தால் மறு வரியில் அதே இடத்தில் ஆறு வர வேண்டும். எழுத்து எண்ணிக்கையும் பிசகக் கூடாது. வாசலின் வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. இவள் ஊர் திரும்பிய பிறகும் இவள் வாசலுக்கென்று வருடம் தவறாமல் ஒரு ஜோடி அனுப்பினார்.

"தாளுதான, தபால்ல தவறியிருக்கும். விடு," என்றான் கணவன் பாண்டிராஜ்.

"விடுன்னா எப்புடி? அய்யா மக மேடத்துக்கு எம்புட்டு மெசேஜ் போட்டுட்டேன். பதிலே இல்ல."

சீனப் புத்தாண்டன்று காலை வீடியோவில் கூப்பிட்டாள். முதியவரின் மகள் எடுத்தார். வெளியே போய்விட்டு அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தார். தாமரையின் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை. பின்னால் கதவின் இருபுறமும் வெறும் சுவர். முதியவரின் மனைவி இறந்த வருடமும் அப்படித்தான் இருந்தது. துக்க வீட்டில் அவர்கள் சிவப்பு ஒட்டமாட்டார்கள்.

"எப்ப மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"டிசம்பரில். உனக்கு எழுத உட்காருவேன், அழித்துவிடுவேன். உன் வாசலுக்குத் தாள் வெட்டச் சொன்னார் அப்பா. வெட்டி வைத்தேன். அவ்வளவுதான்."

அன்று வேலைக்குப் போகும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல், போன வருடத்துத் தாள்களை ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"நம்ம வீட்டுல எதுக்கு எடுக்குற?" என்றான் பாண்டிராஜ்.

"சாவு விழுந்த வருசம் நம்ம பொங்கல் வைப்பமா?"

அவன் உள்ளே போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் வந்தாள். முதல் வருடம் அந்தத் தாளைப் பார்த்து மந்திரமா என்று கேட்டவள்.

"என்னத்தா ஆச்சு?"

"சிங்கப்பூருல அய்யா தவறிட்டாருக்கா."

"தலைக்குக் குளிச்சியா?"

தாமரை விழித்தாள். "நான் வேலைக்கு இருந்த ஆளுதானக்கா..."

"பதினோரு வருசம் பாத்திருக்க. போய்க் குளி. இத நான் பாத்துக்கிறேன்."

சுந்தரம்மாள் துணியைப் பிடுங்கிக்கொண்டாள். தாமரை குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.