கருப்பனுக்குப் படைத்த திராட்சைச் சாறு

கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை முழுவதையும் பிழிந்து, ஊறவைத்து, வடித்து ஊற்றினாலும் சுருளிப்பட்டி வீரணனுக்கு ஒரு வாரத்துக்குக் காணாது. கொஞ்சம் கூடிப்போயிற்று. பத்து நாளைக்குக் காணும் என்று வைத்துக்கொள்ளலாம்; அதையும் நம்ப வேண்டாம். ஆனால் மகள் அனுஷ்காவின் சடங்கு வீட்டில், சீர்த்தட்டுகளுக்கு நடுவே அவன் விழுந்து கிடந்தது மெய். முந்தின வருசம் மார்கழியில் ரத்த வாந்தி எடுத்ததும் மெய். "இனிமே ஒரு மடக்கு உள்ள போச்சுன்னா இங்க கொண்டு வராதீங்கம்மா, பிரயோசனம் இல்ல" என்று டாக்டர் சொன்னதை அவன் மனைவி ராமுத்தாய் நின்றுகொண்டே கேட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது அவளுக்கு.

அன்றோடு விட்டான். விட்டது வாய்தான், கை விடவில்லை. சாயங்காலம் ஆறு மணியானால் அந்தக் கை டம்ளரைத் தேடும். ராமுத்தாய் பன்னீர் சோடா வாங்கி வைத்தாள். "கல்யாண வீட்டுப் பிள்ளைக குடிக்கிறது" என்று தள்ளிவிட்டான். சுக்குமல்லிக் காப்பி இரண்டு நாள் ஓடியது. அவள் தம்பி சுருளியாண்டி கொச்சிக்குப் போனவன், போதை இல்லாத பீர் என்று நாலு டின் கொண்டுவந்தான்.

"மச்சான், இதுல ஒண்ணுமே கிடையாது. பச்சப்பிள்ளைக்குக் கூட ஊத்தலாம்."

"உன் பிள்ளைக்கு ஊத்துவியாலே?"

வீரணன் ஒரு வாய் குடித்தான். நுரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "போதை இல்லதான் மாப்ள. ஆனா கூப்பிடுது" என்றான். நாலு டின்னையும் தோட்டத்துத் திராட்சைப் பந்தல் காலடியில் கொட்டினான். கடைசியில் கை அடங்கியது, எலுமிச்சையும் உப்பும் இஞ்சியும் போட்டு, ஒரு காந்தாரி மிளகாயை நசுக்கிவிட்ட சோடாவில். தொண்டை எரிய வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கைக்கு. அப்படியே பதினாலு மாதம் போயிற்று.

மாசிப் பச்சைக்கு, அதாவது சிவராத்திரிக் கும்பிடுக்கு, குலசாமி கோயிலில் பங்காளிகள் கூடுவார்கள். இந்த வருசம் கருப்பனுக்குப் படையல் வைக்கிற முறை வீரணனுக்கு. சாராயம் படைத்து, படைத்தவன் முதலில் வாய் நனைக்க வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். கூட்டம் போட்டபோது வீரணன், "சாராயத்துக்குப் பதிலா என் தோட்டத்துத் திராட்சைச் சாறு வைக்கிறேன்" என்றான்.

"சாமி குடிக்கிறதை மாத்த நீ யாருலே?" என்றார் பங்காளிகளுக்குத் தலைவரான பெரியதனம் சீனிச்சாமி, அவனுக்குச் சித்தப்பா முறை.

சாமியையே கேட்போம் என்று பூக்கட்டிப் போட்டார்கள். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம். வெள்ளையே வந்தது.

வீரணன் நாலு நாள் முன்னதாகவே பன்னீர்த் திராட்சை பறித்துப் பிழிந்தான். "காய்ச்சி வைங்க" என்றாள் ராமுத்தாய். "தீப்பட்டதைச் சாமிக்கு வைக்கிறதா? கன்னிச் சாறாத்தான் இருக்கணும்" என்று சொல்லி, இரண்டு லிட்டர் கலர் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, மோட்டார் ரூமில் சுத்தமாக வைத்தான். அந்த ரூம் மத்தியானத்தில் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

கோயிலில் பாட்டில் கர்ப்பிணி வயிறு போல் புடைத்திருந்தது. மூடியைத் திருகியதும் சீறிக்கொண்டு நுரை பொங்கி அவன் முழங்கை வரை வழிந்தது. பெண்கள் பக்கம் நின்ற ராமுத்தாய்க்கே புளித்த சாராய வாடை வந்தது.

"ஏலே, வேதக்காரக சாமி தண்ணியச் சாராயமாக்குன மாதிரி நம்ம கருப்பனும் செஞ்சிட்டான்டா!" என்று ஒருவன் கத்த, சிரிப்பு கோயிலைச் சுற்றியது. "கேட்டு வாங்கிட்டான் பாரு!"

வீரணன் சிரிக்கவில்லை. டம்ளரில் ஊற்றினான். ராமுத்தாய் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். கூப்பிட்டுத் தடுத்தால் சபையில் அவனுக்கு இழிவு; தடுக்காவிட்டால் பிணத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அவன் டம்ளரைக் கருப்பன் காலடியில் வைத்தான். "கருப்பா, இது உனக்கு. எனக்கு இல்ல."

"முறைன்னு ஒண்ணு இருக்குய்யா. வாய நனை" என்றார் சீனிச்சாமி.

"நனைக்கிறேன் சித்தப்பா. அடுத்த மாசம் எனக்குப் படையல் வைக்க வந்துருவீகளா?"

சிரிப்பு நின்றது. சீனிச்சாமி அவன் முகத்தையே பார்த்தார். பிறகு தீர்த்தச் செம்பை எடுத்து, தானே அவன் கையில் கொடுத்தார். வீரணன் தண்ணீரில் வாய் நனைத்தான். ராமுத்தாய் அப்போதுதான் வாயிலிருந்த தலைப்பை எடுத்தாள்.

கிடாய்க் கறிப் பந்தியில் சீனிச்சாமி இலையில் உட்கார்ந்தபடியே ஊருக்குச் சொன்னார்: "பதினாலு மாசம்! சாமியே நீட்டியும் ஒரு சொட்டுத் தொடலய்யா என் மகன்."

எதிர் இலையில் வீரணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"தொட்டுட்டேன் சித்தப்பா. நுரை வழிஞ்சப்ப கைய வாயில வச்சிட்டேன். அறியாம இல்ல. தெரிஞ்சேதான்." தலை கவிழ்ந்திருந்தது. "இன்னொரு தடவ நக்கணும்னு தோணுச்சு. அதான் டம்ளரக் கீழ வச்சேன். பதினாலு மாசம்னு சொல்லாதீக. நாளையிலருந்து ஒண்ணுன்னு எண்ணணும்."

ரசச் சட்டியோடு வந்த ராமுத்தாய் அவன் இலை முன்னால் குனிந்தாள்.

"நாளைக்கு இல்ல" என்றாள். "இன்னைக்குத்தான் ஒண்ணு."