மண்சரிவுச் சைரனுக்கு ஒரு பழைய கார்டு

விதுஷா மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா இராக்கம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கிடந்து வளர்ந்தவள். இப்போது பதுளை டவுனில் ஸமீமின் கடையில் கம்ப்யூட்டர் திருத்துகிறாள். புது மெஷின் திருத்த ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். பழசு வந்தால் மட்டும் எல்லோரும் அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

"ஒங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க, கவனிங்க" என்று ஸமீம் கேலி பண்ணுவார்.

"ஆமா, நீங்க மொதல்ல அவங்கள தூசி தட்டி உக்கார வைங்க" என்பாள். சொல்லிக்கொண்டே ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்துவிடுவாள். அப்படி ஒரு பிடிவாதம்.

அன்றைக்கு அழைப்பு வந்ததே அவள் பிறந்த தோட்டத்திலிருந்துதான். முதல்நாள் இடி விழுந்ததில் தேயிலை ஃபெக்டரியில் இருந்த சர்வரின் ஒரு கார்டு கருகிப்போயிற்று. அந்த சர்வருக்கு ஒரே வேலைதான். மலைமேல் இருக்கும் மழைமானி, எவ்வளவு மழை பெய்கிறது என்று ஒரு வயர் வழியே அதற்குச் சொல்லும். அளவு மீறினால், இன்னொரு வயர் வழியே அது லயத்துச் சைரனை ஊத வைக்கும். வயருக்கு ஒன்றாக இரண்டு கார்டு. அதில் ஓடும் புரோகிராம் அரதப்பழசு. பழைய கார்டைத் தவிர வேறு எதையும் அதற்கு அடையாளம் தெரியாது. கடை மூலையில் கிடந்த உடைசல் ஒன்றிலிருந்து அதே மாதிரி ஒரு கார்டைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வந்து சேரும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஃபெக்டரி ஜன்னலில் நின்றால்தான் போன் எடுபடும். நின்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஸ்கூலுக்குப் போயிருங்க. மலை ஊறிக் கெடக்கு."

"சைரன் ஊதலியே பாப்பா. போன தடவ யாரோ சொன்னாங்கன்னு ஓடிப்போயி, நனஞ்ச கோழி மாதிரி திரும்பி வந்தோம். கீழ் லயத்துக்காரி இன்னும் சிரிக்கிறா. ஊதட்டும், போறேன்."

இராக்கம்மா மட்டுமில்லை, லயமே அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. ஃபெக்டரிச் சங்கை ஊதினால் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். லயத்துக்குப் போகிற வழியில் ஓடை கரை மீறிவிட்டது. இனி இந்த சர்வர்தான் கதி.

விதுஷா கொண்டுவந்த கார்டைச் செருகி மெஷினை ஓட்டினாள். அதுவும் பேசவில்லை, அதுவரை நன்றாக இருந்த மற்றக் கார்டும் வாயை மூடிக்கொண்டது. அவளுக்குக் காரணம் தெரியும். அந்தக் காலத்து மெஷினில் ஒவ்வொரு கார்டையும் ஒரு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் இருந்தால் இரண்டும் ஊமைதான். எண்ணை மாற்ற, கார்டின் மேலிருக்கும் அரிசியளவு கறுப்புத் தொப்பியைப் பிடுங்கி அடுத்த முள்ளில் மாட்ட வேண்டும். விரல் குளிரில் விறைத்துப்போயிருந்தது. தொப்பி இரண்டு தரம் கீழே விழுந்தது. ஃபெக்டரியில் காவலுக்கு இருந்த வாச்சர் நல்லையா தரையில் மண்டியிட்டுத் தேடிக்கொடுத்தார்.

மாட்டினாள். இரண்டு கார்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. "வந்துருச்சி மாமா!" என்று கத்தினாள். புரோகிராம் எழுந்து வருவதற்குள் போன் அடித்தது. ஜன்னலுக்கு ஓடினாள்.

"வீட்டுக்குப் பின்னால செவருல கோடு மாதிரி ஒண்ணு தெரியிது பாப்பா" என்றாள் இராக்கம்மா. குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"வெளிய வாங்கம்மா!"

பளீரென்று மின்னி, இடி இடித்தது. போன் அறுந்துபோயிற்று.

திரும்பி வந்து பார்த்தால் திரையில் மழைக்கணக்கு வரவில்லை. பச்சை விளக்கு எரிகிறது, கார்டு இரண்டும் விழித்திருக்கிறது, கணக்கு மட்டும் இல்லை. எண்ணைத் தப்பாக வைத்துவிட்டேன் என்று நினைத்தாள். மெஷினை நிறுத்தினாள், பெட்டியைத் திறந்தாள், தொப்பியை வேறு முள்ளுக்கு மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். விளக்கு எரிந்தது. கணக்கு வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. கண்ணைத் துடைக்கவும் கை ஒழியவில்லை.

அடுத்த மின்னல் வெட்டியது. இடி வருவதற்கு முன்னே நல்லையாவின் கை மெஷினுக்குப் பின்னால் போனது.

"மாமா! என்ன செய்றீங்க?"

"மின்னுதே புள்ள. வயர உருவ வேணாமா? வீட்டுல டீவியவே உருவிப் போடுறோம்."

"நான் போன் பேச ஓடினப்பவும் உருவினீங்களா?"

"உருவாம? நேத்து அடிச்ச இடியில எரிஞ்சது போதாதா? ஒடனே மாட்டியும் விட்டுட்டேனே."

"எதுல எத மாட்டினீங்க?"

நல்லையா விழித்தார். "ரெண்டும் ஒரே மாதிரி ஓட்டதான..."

அவள் மெஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். மழைமானியின் வயர் சைரன் கார்டில் இருந்தது, சைரன் வயர் மழைமானியின் கார்டில். உருவி மாற்றிச் செருகினாள். திரையில் எண் ஒன்று துள்ளி ஏறிச் சிவப்பாக நின்றது. பள்ளத்திலிருந்து சைரன் ஊளையிட்டது.

விதுஷா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லயத்துக் கதவுகள் திறந்தன. தார்ப்பாய்ப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சனங்கள் லயத்துப் பக்கத்திலேயே மேட்டில் இருந்த ஸ்கூலை நோக்கி ஏறினார்கள். யார் அம்மா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. கடைசி ஆட்கள் ஸ்கூல் கேட்டுக்குள் போன பிறகுதான் மலை இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. செம்மண் லயத்துக் கூரைமேல் சாய்ந்து படுத்தது, அவ்வளவுதான்.

போன் அடித்தது.

"சோத்துப் பானைய அடுப்புல வச்சபடி வந்துட்டேன் பாப்பா. நீதான சைரன் ஊதுனது? நல்ல நேரம் பாத்த!" இராக்கம்மா கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதாள்.

"பானை போகட்டும்மா. அங்கயே இருங்க. நான் இந்த மெஷின விட்டு நகர மாட்டேன்."

மழை விடவில்லை. கீழே இன்னும் இரண்டு லயம் இருந்தது. சைரன் அடங்கினால் சனங்கள் திரும்பி இறங்கிவிடுவார்கள். விதுஷா நாற்காலியை சர்வருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். மறுபடி மின்னியது. நல்லையா இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.