மத்திகிரி மேட்டிலிருந்து பேரிகைக்கு ஒரு குரல்

மைக்ரோவேவ் ரேடியோ நேர்கோட்டில்தான் பேசும். குறுக்கே ஒரு புளியமரம் நின்றாலே பேச்சு அறுந்துவிடும். நானும் முனிரத்தினமும் ஓசூரில் ஒரே ஃபேக்டரி; நான் டூல் ரூம், அவன் எலக்ட்ரீஷியன். இருவரும், சொந்தமாக ரேடியோ செய்து பேச அனுமதிக்கும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிய புதிது. செல்போனில் இன்கமிங் இலவசமாகிவிட்ட காலம் அது. அப்போதும் நாங்கள் ரேடியோவில் பேச வெயிலில் டிஷ் சுமந்து திரிந்தோம். அந்தப் பாடு பட்டவர்களுக்குத்தான் இது புரியும்.

முதல் பேச்சு

ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கடைக் கதவு இருக்கிறதே, அதற்குள் இருக்கும் சின்ன மைக்ரோவேவ் கருவி இரண்டைப் பெங்களூர் பழைய சாமான் கடையில் பிடித்தோம். டப்பாவில் பொருத்தி, பழைய டிவி டிஷ் முன்னால் கட்ட மூன்று மாதம் ஆனது. ஒரு ஞாயிறு காலை, ஓசூரை அடுத்த மத்திகிரியில் கால்நடைப் பண்ணைச் சுவரோரம் ஆளுக்கொரு முனையில் நின்றோம். இரைச்சலுக்குள்ளிருந்து அவன் குரல் வந்ததும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவன் சொன்னது இதுதான்: "அண்ணா, இவ்ளோ தூரத்துக்கு நான் சத்தமா கூப்ட்டிருந்தாலே கேட்டிருக்கும்ல?"

அளக்க வந்தவர்கள்

தூரத்தைக் கூட்ட, முனிரத்தினத்தின் ஊரான பேரிகையில் ஒரு மேடு தேடிப் போனோம். மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தியதும் பக்கத்துத் தக்காளித் தோட்டத்திலிருந்து லட்சுமக்கா வந்தார். கையில் களைக்கொத்து. கம்பெனிக்கு நிலம் எடுக்க அளக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அவர் தங்கச்சி ஊரில் நிலம் எடுக்க வந்தவர்கள் இப்படி ஒரு ஸ்டாண்டோடுதான் ஆரம்பித்தார்களாம். முனிரத்தினம் தமிழிலும் தெலுங்கிலும் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

கடைசியில் அவன் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரப்புக் கோடிக்கு ஓடினான். நான் ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். "அக்கா, உங்க நெலத்த யாரும் எடுக்க வரல" என்று அவன் சொன்னான். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையே இன்னொரு தரம் சொல்லச் சொல்லுப்பா" என்றார்.

குடை

என் மனைவி செல்விக்குத் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி எட்டு மாதம். மத்திகிரி வாடகை வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஞாயிறுதோறும் நானும் கிளம்பிவிடுவேன். அவள் ஒன்றும் கேட்டதில்லை. கேட்காததுதான் உறுத்தியது. ஒரு ஞாயிறு "நீயும் வர்றியா?" என்றேன். அடுத்த பத்து நிமிஷத்தில் புளிச்சோறு கட்டிவிட்டாள்.

முனிரத்தினம் பேரிகையில், நாங்கள் மத்திகிரி தாண்டி ஒரு பாறை மேட்டில். ஒரு மணி நேரமாக வெறும் இரைச்சல். என் முகத்தில் வெயில் அடிக்கிறதென்று செல்வி எதிரே குடை பிடித்து நின்றாள். தண்ணீர் எடுக்க அவள் நகர்ந்ததும், ஹெட்போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முனிரத்தினம் எண்ணுவது கேட்டது. அவள் திரும்பி வந்தாள், குரல் போய்விட்டது. டிஷ்ஷுக்கு நேர் முன்னால் நின்றிருக்கிறாள்.

சொல்ல மனசு வரவில்லை. கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, ஹெட்போனில் ஒரு பக்கத்தை அவள் காதுக்குத் திருப்பினேன். எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. அவள் டிஷ்ஷைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இவ்வளவு நேரமும் நாந்தான் மறைச்சிக்கிட்டு நின்னேனா? அடுத்த வாரம் பின்னால நின்னு பிடிக்கேன்."

பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பேரிகைக்கு எங்கள் குரல் போய்ச் சேர ஏழு மாதம் ஆயிற்று, அதில் ஒரு மணி நேரம் மட்டும் செல்வி கணக்கு.