கதிரைகளுக்குப் பாவமில்லை

ஒக்டோபர் பிறந்தால் என் வீட்டுக் கதிரைகளுக்கு மோட்சம் கிடைத்துவிடும். செபமாலை மாதம் அல்லவா. மாதா சுரூபம் கண்ணாடிக் கூட்டில் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டுக்குப் போகும். அயலெல்லாம் அங்கே கூடிச் செபமாலை சொல்லும். வீட்டுக்காரர் தேத்தண்ணியும் கட்லட்டும் கொடுப்பார்கள். மாதா அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் புறப்படுவார். சனம் இருக்கக் கதிரை வேண்டுமே. தையல் வகுப்பு நடத்துகிற என்னிடம் பிளாஸ்டிக் கதிரைகள் தாராளமாக உண்டு. ஆகவே மாதா போகிற வீட்டுக்கெல்லாம் என் கதிரைகளும் போகும். என் வீட்டுக்கு மட்டும் மாதா வரமாட்டார்.

காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. என் கணவரின் முதல் மனைவி இத்தாலிக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொருவரோடு குடும்பமாகிவிட்டார். நாட்டுச் சட்டம் இவரை விடுவித்தது. திருச்சபைச் சட்டம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாயிரம் வருஷமாக இருக்கிற திருச்சபைக்கு என்ன அவசரம்? எங்களுக்குத்தான் வயது போய்க்கொண்டிருந்தது. பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அன்றிலிருந்து ஞாயிறு பூசையில் எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்க எழும்பிப் போகும்போது நாங்கள் இருவரும் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிடுவோம். முன்னால் போகிறவர்களின் சட்டைகளில் தையல் ஒழுங்காக இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார்.

முதல் திருமணத்தைத் திருச்சபை நீக்காத வரை நற்கருணை இல்லை என்பது சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். மாதா வராதது எந்தச் சட்டம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளையும் ஏழு அருட்சாதனங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பரிசும் வாங்கியிருக்கிறேன், ஒரு பிளாஸ்டிக் செபமாலை. என்னைப் போன்றவள் வீட்டுப் படலையை மாதா தாண்டக்கூடாது என்று எந்தப் பாடத்திலும் படித்த ஞாபகம் இல்லை. அது எங்கள் அன்பியத் தலைவி அக்காவின் சொந்த மறைக்கல்வி. பாப்பரசருக்கே அது இன்னும் எட்டியிருக்காது. அன்பியம் என்றால் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இருக்கிறவர்கள் சேர்ந்த செபக்குழு.

தலைவி அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. கெட்ட மனிசி என்று சொல்லமாட்டேன். பைபிள் பகிர்வில் நல்ல சமாரியன் கதையை அவர் விளக்கினால் கல்லும் கரையும். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாத மாதிரிப் போன குருவை அவர் திட்டுகிற திட்டில் எனக்கே அந்தக் குரு பாவம் என்று தோன்றும். கூட்டம் முடிந்ததும் என் படலையைக் கண்டும் காணாத மாதிரி வீட்டுக்குப் போவார். மாதாவின் கூட்டுக்குள் விரித்திருக்கிற நீலச் சாட்டின் துணிகூட நான் தைத்ததுதான். "உங்கட கை வேலை ஒரு தனி வேலை, பிள்ளை" என்று அவர்தான் வாங்கிக்கொண்டு போனார். என் துணிக்கும் பாவமில்லை போலும்.

இதையெல்லாம் பகிடியாக எடுத்துக்கொண்டு பழகியிருந்தேன், என் கணவர் விழும் வரை.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். கடலோரத்தில் கத்திக் கத்தியே வளர்ந்த குரல். கோவிலில் கடைசி வாங்கில் இருந்தாலும் செபத்துக்குப் பதில் சொல்லும்போது அவர் குரல்தான் மேலே நிற்கும். ஒரு நாள் காலையில் குசினிக் கதவடியில் சாய்ந்தார். ஆஸ்பத்திரியால் வந்தபோது வலது கையும் போய், பேச்சும் போயிருந்தது. நான் சொல்வது எல்லாம் விளங்கும். பதில் வராது. வாய் கோணிக்கொண்டு திறக்கும், பிறகு மூடும். என் பெயரைக்கூடக் கூப்பிட ஏலாது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒருத்தி கிண்ணியாவிலிருந்து வருகிறவள். பொறுமைசாலி. அவள் ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, இவர் சின்ன வயசில இருந்து ஆக்களோட சேர்ந்து சொல்லிப் பழகின ஏதும் இருக்கா? பாட்டு, ஓதுறது, அப்பிடி? சில பேருக்குக் கதை வராது, ஆனா அது வரும்."

இருக்காமல்? அன்று முதல் கட்டிலடியில் இருந்து தினமும் செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதியை நான் சொன்னேன். "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக... வேண்டிக்கொள்ளும்" என்று முடிகிற மறுபாதி அவருடையது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணால் தண்ணீர் வழியும். ஒரு சொல் வராது. மறுபாதியையும் நானே சொல்லி முடிப்பேன். இதை அந்தப் பிள்ளையிடம் சொன்னபோது, "ஒராள் சொன்னாக் காணாது அம்மா, கனபேர் சேர்ந்து சொல்லுற இடத்துல வெச்சுப் பாருங்க" என்றாள். கோவிலுக்குக் கொண்டுபோக ஏலாது, அவரால் பத்து நிமிஷம் நிமிர்ந்திருக்க முடியாது. கனபேர் சேர்ந்து செபம் சொல்ல வேண்டுமென்றால் மாதா என் வீட்டுக்கு வரவேண்டும். ஒரே ஒரு பின்னேரம் போதும்.

மானத்தை மடித்து வைத்துவிட்டுத் தலைவி அக்காவிடம் போனேன்.

"அக்கா, இந்த முறை எங்கட வீட்டையும் ஒருக்கா மாதாவைக் கொண்டுவாங்கோவன். இவருக்காகத்தான்."

"எனக்கு விருப்பமில்லாமலோ, பிள்ளை? சனம் கதைக்கும். ஃபாதரிட்ட ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

அடுத்த கிழமை கேட்டேன். "ஃபாதருக்கு இப்ப சரியான வேலை" என்றார். அதற்கடுத்த முறை நான் வாயைத் திறக்கமுன்பே, "பின்னேரம் கதிரை எடுக்க ஆள் அனுப்புறன், வீட்டில நிப்பீங்கள்தானே?" என்றார்.

நின்றேன். கதிரைகளைத் துடைத்துத்தான் கொடுத்தேன். ஏன் துடைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

இந்த இடத்தில் தலைவி அக்காவின் இன்னொரு சட்டத்தையும் சொல்லவேண்டும். முந்தின வருஷம் கந்தளாயில் கலியாணம் என்று ஒரு வீட்டார், செபமாலை முடிந்த கையோடு மாதாவை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம். ஒரு வீட்டில் மாதாவை வைத்துச் செபமாலை தொடங்கிவிட்டால், மறுநாள் பின்னேரம் வரை யார் வந்தாலும் அசைக்கக்கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார். எல்லாரும் தலையாட்டினோம்.

அந்தச் சனிக்கிழமை ஒழுங்கை முகப்பு வீட்டிலிருந்து கடற்கரைப் பக்கத்துக் கடைசி வீட்டுக்கு மாதா போகவேண்டும். என் கதிரைகள் முன்கூட்டியே அங்கே போய்விட்டன. மெழுகுதிரிகளோடு பாடிக்கொண்டு வந்தவர்கள் சரியாக என் படலையடிக்கு வரும்போது வானம் பிளந்துகொண்டு கொட்டியது. ஒக்டோபர் மழை சொல்லிக்கொண்டு வராது. தலைவி அக்காவின் குடை காற்றில் பிரட்டிக்கொண்டு போனது. அவருக்கு இடி என்றால் குலை நடுங்கும். முதலில் விறாந்தைக்கு வந்தார்கள். சாரல் அங்கேயும் அடிக்க, உள்ளே வந்தார்கள். கூட்டைத் தூக்கிவந்த இரண்டு பெண்களும் கை ஓய்ந்துபோய், கண்ட இடத்தில், என் தையல் மெஷினுக்கு மேல் மாதாவை வைத்தார்கள்.

"சும்மா ஒதுங்கினனாங்கள், பிள்ளை. மழை விட்டவுடன போயிடுவம்" என்றார் அக்கா.

"ஓம் அக்கா. மாதாவுக்கும் நனைஞ்சால் தடிமன் பிடிக்கும்தானே" என்றேன்.

அதற்கு அவர் பதில் சொல்ல முன்னம் ஒரு இடி. வீட்டுக்கு மேலேயே விழுந்தது என்றுதான் நினைத்தேன். கரண்ட் போனது. இருட்டில் தலைவி அக்காவின் குரல், நடுங்கிக்கொண்டு: "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே..." பயந்தவுடன் கை சிலுவை போடுகிறது, வாய் தன்பாட்டில் தொடங்கிவிடுகிறது. அத்தனை வருஷப் பழக்கம். மற்றவர்களும் நனைந்த உடுப்போடு முழந்தாளிட்டார்கள். கதிரை ஒன்றும் இல்லையே.

செபமாலையின் ஐந்து பகுதிகளில் முதலாவது தேவ இரகசியம் முடிந்தது. நான் உள்ளறைக்கு ஓடிப்போய் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. இதுவும் போச்சா என்று நினைத்தேன்.

இரண்டாவது, மரியாள் எலிசபெத்தம்மாளின் வீட்டுக்குப் போனதைத் தியானிப்பது. சனிக்கிழமைக்கு உரியது அதுதான், யாரும் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அக்கா முதல் பாதியைச் சொல்லி நிறுத்த, முன்னறையில் எல்லாரும் பதில் சொல்ல, அவர்களுக்கு அரைச் சொல் பிந்தி, என் பக்கத்தில் ஒரு குரல் எழும்பியது. கோணலாக, ஈரமாக. ஆனால் கிரேன்காரனின் குரல். "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக..."

முன்னறையில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். மழை மட்டும் கேட்டது. அக்கா முதல் பாதியைத் திரும்பச் சொன்னார். இந்த முறை வேறு யாரும் வாய் திறக்கவில்லை. என் கணவர் தனியே பதில் சொன்னார். நான் அவருடைய போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.

செபமாலை முடிய மழையும் விட்டது. யாரோ, "இனித் தூக்குவமே?" என்றார்கள். கூட்டைத் தூக்கிவந்தவர்களில் ஒருத்தி உடனே, "தொடங்கின வீட்டில இருந்து அசைக்கக் கூடாதெண்டு அக்காதானே சொன்னவ" என்றாள். தலைவி அக்கா மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டின் உள்ளறைக்கு முதன்முறையாக வந்தார்.

"எப்பிடி இருக்கிறீங்கள், தம்பி?"

என் கணவர் அவரை நேரே பார்த்தார். நலம் என்று சொல்லத்தான் நினைத்திருப்பார். ஆனால் அவரிடம் அப்போது இருந்த சொற்கள் அவ்வளவுதான்.

"பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்றார்.

அக்கா இருக்க இடம் தேடினார். கதிரைகள் எல்லாம் கடைசி வீட்டில் இருந்தன. நின்றபடியே, தலையைக் குனிந்துகொண்டு, மிச்சத்தை அவரோடு சேர்ந்து சொல்லி முடித்தார்.