மூலையில் பிழைத்த உலகம்

அலுவலகத்தில் அவருக்குப் பிரம்மா என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து விற்கும் கம்பெனி அது. மற்றவர்கள் துப்பாக்கியும் காரும் வரைந்துகொண்டிருக்க, இவர் மட்டும் ஓர் உலகத்தையே படைத்துக்கொண்டிருந்தார். திரைக்குள் புல் முளைக்கும். அதை மேயக் குண்டுகுண்டாகச் சில பிராணிகள், அவற்றைத் துரத்தித் தின்ன வேறு சில. குட்டி போடும், தாயின் குணம் குட்டியிடம் கொஞ்சம் மாறி வரும்.

"யாரும் தொடவே வேண்டாம். தானா ஓடும்," என்பார், காபி மெஷின் முன்னால் மாட்டிக்கொண்டவரை நகரவிடாமல்.

தானாக ஓடிய லட்சணம் அவருக்கு மட்டும் தெரியும். இரண்டு நாள் விட்டால் புல் தீர்ந்துவிடும். இல்லையென்றால் துரத்துகிறவை எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் பட்டினியில் சாகும். அதனால் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கைப்படப் புல்லைத் தூவி, செத்த இனத்துக்குப் பதில் புதிதாகச் சில உருப்படிகளை இறக்கிவிடுவார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இயற்கையின் சமநிலையைப் பற்றி அளப்பார்.

வீட்டில் மனைவிக்கு இந்த மகிமை எட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை கூட ஓடுறீங்க. தானா ஓடுற உலகத்துக்கு எதுக்குங்க ஆயா வேலை?" என்று துணி மடித்தபடியே கேட்டாள்.

"உனக்குச் சொன்னா புரியாது." பதில் இல்லாதபோதெல்லாம் அவர் சொல்லும் பதில் அது.

வினை, கம்பெனியில் பணம் போட வந்த ஓர் அம்மாள் உருவில் வந்தது. "தானா ஓடும்னா ஒரு வாரம் பூட்டி வச்சுப் பாப்போமே," என்றார் அந்த அம்மாள். முதலாளி பிரம்மாவைப் பார்த்தார். "தாராளமா!" என்று வாய் முந்திக்கொண்டது. பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்கப் பிரம்மா பூட்டிய திரையையே சுற்றிச் சுற்றி வந்தார்.

திறந்து பார்த்தபோது புல் இல்லை, துரத்துகிறவையும் இல்லை. குண்டுப் பிராணிகள் மட்டும் ஆயிரக்கணக்கில் ஒரே மூலையில் அடைந்துகொண்டு, ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. துரத்துகிறவை அந்த நெரிசலுக்குள் புக முடியாமல் பட்டினியில் செத்திருக்கவேண்டும். பிரம்மா அவசரமாகத் தன் கணக்கைத் திறந்து பார்த்தார். மூலையில் முட்டினால் தெம்பு குறையவேண்டும். கணக்கில் கழித்தலுக்குப் பதில் கூட்டல் போட்டுத் தொலைத்திருந்தார். வருஷக்கணக்கில் அவர் கண்ணில் படாத தப்பை அந்தக் குண்டுகள் கண்டுபிடித்துவிட்டன. மேய வேண்டாம், ஓட வேண்டாம். முட்டினால் போதும், வயிறு நிறைந்துவிடும்.

"உயிரோட இருக்கே! நீங்க தொடலையே?" என்றார் அம்மாள்.

"தொடலைம்மா." அந்த உலகத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது.

பணம் வந்தது. மறுநாளே பக்கத்து மேஜைக்காரர் வந்து, "அண்ணே, மூலைக் கணக்குல குறி தப்பா இருக்கு. திருத்திடட்டுமா?" என்று கேட்டார்.

"கைய வச்சே, வேலை போயிடும்!"

அன்றிலிருந்து அவர் உத்தியோகமே அந்தத் தப்புக்குக் காவல் இருப்பதுதான். அதற்குப் பதவி உயர்வு வேறு. கல்லூரிகளில் மேடை ஏறி, முட்டலுக்குக் 'கூடி வாழும் பண்பு' என்று பெயர் சூட்டினார். கைதட்டினார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "சார், அந்த மூலைய விட்டு எதுவும் வெளியே வராதா?" என்று கேட்டாள்.

"எப்பவாவது ஒண்ணு வரும்மா. வந்தா பட்டினியில செத்துடும்," என்றார் பிரம்மா பெருமையாக, மைக்கை இன்னும் கொஞ்சம் வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டு.