சிந்தாத சாமான்

மூட்டை தூக்கிற தொழிலிலை முதல் வேலைக்கு வாறதும் முதுகுக்குக் கீழை இருக்கிற நாரிதான், முதல் பென்சன் கேக்கிறதும் நாரிதான். இதை வாசிக்கிற ஆக்களிலை ஆராவது மா மூட்டையோ சீமெந்துப் பையோ முதுகிலை சுமந்திருந்தால், கதிரையிலை நிமிந்து இருங்கோ எண்டு நான் கேக்கமாட்டன். சரிஞ்சு கிடந்தே வாசியுங்கோ. நானும் என்ரை மனுசி என்ரை நாரிக்கு நல்லெண்ணெய் தேய்க்க, பாயிலை குப்புறக் கிடந்துதான் எழுதுறன். பருத்தித்துறை இறங்குதுறையிலை தொடங்கின ஆள் நான். இப்ப நெல்லியடியிலை ஒரு மொத்த வியாபாரக் கடையிலை வந்து நிக்கிறன்.

நாட்டாமைக்கு வந்த மரியாதை

எங்கடை பக்கத்திலை நாட்டாமை எண்டால் மூட்டை தூக்கிறவன். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருக்கால் தமிழ்நாட்டிலையிருந்து ஒரு பாத்திர வியாபாரி எங்கடை முதலாளியைப் பாக்க வந்தார். அவர் அனுப்பின சாமான் கொன்டெயினரிலை வந்து வாசலிலை நிண்டது. முதலாளி என்னைக் காட்டி, "இவர் சிவம், எங்கடை நாட்டாமை" எண்டார். அந்த மனுசன் திடுக்கிட்டு எழும்பி ரெண்டு கையையும் கூப்பினார். தான் இருந்த கதிரையை இழுத்து எனக்குப் போட்டார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் கதிரை கிடைச்சால் விடுவனோ? இருந்திட்டன். சோடாவும் வந்தது, அதையும் குடிச்சன்.

பாதிச் சோடாவிலை முதலாளி, "சிவம், இருந்தது காணும், பெட்டியைத் திறந்தாச்சு" எண்டார். நான் சேட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டு, துவாயைத் தலையிலை சுத்திக்கொண்டு உள்ளுக்கை போனன். அண்டா அடுக்கைத் தோளிலை வைச்சு வெளியிலை வரேக்கை அந்த மனுசன் வாயைத் திறந்தபடி நிக்கிறார். பிறகு முதலாளியிட்டைச் சொன்னார்: "எங்க ஊர்ல நாட்டாமை சொன்னா ஊரே தூக்கும், இங்க ஊரு சொன்னா நாட்டாமை தூக்குறாரே!"

நிலத்திலை விழுந்தது

சண்டையாலை கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்த காலத்திலை எங்களுக்கு எல்லாச் சாமானும் கப்பலிலைதான் வந்தது. கப்பல் கரைக்கு வராது, வெளியிலை நிக்கும். மூட்டையை வள்ளத்திலை இறக்கி, வள்ளத்தாலை ஜெட்டியிலை ஏத்தி, ஜெட்டியாலை லொறி, லொறியாலை சாமான் அடுக்கிற கிட்டங்கி, கிட்டங்கியாலை கடை. ஒரு சீனி மூட்டை தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளை வாறதுக்கு முதல் எத்தினை பேற்றை தோளிலை ஏறி இறங்கும் தெரியுமோ! ஒவ்வொரு தோளும் தன்ரை கூலியை விலையிலை வைச்சிட்டுத்தான் விடும். சீனியின்ரை விலையைக் கேட்டுச் சனம் வயிறெரிஞ்சது உண்மை. அந்த விலையிலைதான் எங்கடை வீட்டிலை அடுப்பெரிஞ்சது, அதுவும் உண்மை.

நாங்கள் சணல் மூட்டையைக் கொழுக்கி போட்டு இழுக்கிறனாங்கள். கொழுக்கி பட்ட இடத்தாலை கொஞ்சம் சிந்தும். கிட்டங்கியிலை அப்பிடிச் சிந்தினதைக் கூட்டி அள்ளுறதுக்குப் பூமணி அக்கா வருவா. புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாத மனுசி, ஒரு மகள். அரிசி, பருப்பைப் புடைச்சு வீட்டுக்கு எடுப்பா. மண் கலந்தது கோழிக்குப் போகும். கோழி முட்டையை வித்துத்தான் மகளைப் படிப்பிச்சவ. நிலத்திலை விழுந்தது பூமணி அக்காவுக்கு எண்டது எங்களுக்குள்ளை எழுதாத சட்டம். முதலாளிமாரும் அதிலை கை வைக்கிறேல்லை. புதுசா வந்த ஒரு மேற்பார்வையாளர், "ஏனப்பா இவ்வளவு சிந்துது, மெதுவாப் போடுங்கோவன்" எண்டு எங்களை ஏசேக்கை, அக்கா விளக்குமாறை ஊண்டிக்கொண்டு சொன்னா: "ஐயா, அவையை நீங்கள் ஏசுங்கோ, நான் மட்டும் ஏசமாட்டன்."

இருபதோ நாப்பதோ

பாதை திறந்து கொஞ்ச வருசத்திலை நெல்லியடிக் கடைக்கு முதல் கொன்டெயினர் வந்தது. அப்ப எங்கடை கூட்டம் ஆறு பேர், நான்தான் கூலி பேசுறவன். மூட்டைக்கு இவ்வளவு எண்டு பேசிப் பழகின வாய், பெட்டிக்கு இவ்வளவு எண்டு பேசிப்போட்டுது. பெட்டியிலை இருபதடியும் இருக்கு, நாப்பதடியும் இருக்கு எண்டு எனக்கு ஆர் சொன்னது? முதலாளியும் மூச்சு விடேல்லை.

அண்டைக்கு வந்தது நாப்பதடி. சந்தியிலை எங்கடை ஒடுங்கின ஒழுங்கைக்குள்ளை திரும்பேலாமல் நிண்டு, ஒரு வேப்பங்கொப்பை முறிச்சு, கரண்ட் வயரைத் தடியாலை தூக்கிப் பிடிச்சு, ஒருமாதிரிக் கடை வாசலுக்கு வந்து சேந்தது. கதவிலை போட்ட சீல் பூட்டை வெட்டித் திறந்தம். நிலத்துக்குப் போடுற மாபிள், தரையிலையிருந்து கூரை வரைக்கும். உள்ளுக்கை வெக்கை எண்டால் பாண் சுடுற போறணைதான். எங்கடை கூட்டத்திலை இளந்தாரி யோகன் கையாலை நெத்தியை மறைச்சு உள்ளுக்கை எட்டிப் பாத்தான், முடிவைக் காணேல்லை. என்னைத் திரும்பிப் பாத்துச் சொன்னான்: "அண்ணை, உது பெட்டியில்லை, ஒழுங்கை!"

மனுசியின்ரை கேள்வி

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெட்டி வந்த பிறகு சாமான் மலிஞ்சுதான் போச்சு. முந்தி மாபிள் எண்டால் வெளிநாட்டுக் காசு வாற வீட்டிலைதான். இப்ப என்ரை வீட்டுக் குசினிக்கும் மாபிள். சீனாவிலை ஒருத்தன் பூட்டின கதவை நெல்லியடியிலை நாங்கள் திறக்கிறம், நடுவிலை ஒரு தோளும் இல்லை. சீனாவிலையிருந்து கொழும்புக்கு வாற கூலியிலும் பாக்க, கொழும்பிலையிருந்து நெல்லியடிக்கு வாற லொறிக் கூலிதான் கையைக் கடிக்குது எண்டு முதலாளி சொல்லுவார். எங்கடை கரையிலை அந்தப் பெட்டியைத் தூக்கிற கிரேன் இல்லைப் பாருங்கோ. கடல் வீட்டு வாசலிலை கிடக்குது, சாமான் தரையாலை நாட்டைச் சுத்தி வருது. பருத்தித்துறை ஜெட்டியிலை இப்ப நான் பின்னேரத்திலை காத்து வாங்கத்தான் போறன்.

வேலை கிழமையிலை ரெண்டு நாளாச் சுருங்கிப் போச்சு. மிச்ச நாளிலை அந்தக் குசினி மாபிளிலை இருந்து வெங்காயம் உரிச்சுக் குடுக்கிறன். ஒரு நாள் மனுசி கேட்டாள்: "சாமான் விலை குறைஞ்சதுக்குச் சிரிக்கிறதோ, உங்கடை வேலை குறைஞ்சதுக்கு அழுறதோ, ஒண்டைச் சொல்லுங்கோவன்!"

விழுந்ததும் விழுத்தினதும்

கிட்டங்கி பூட்டின பிறகும் பூமணி அக்கா எங்களைத் தேடிக் கடை வாசலுக்கு வாறதை மட்டும் விடேல்லை. கொன்டெயினர் வந்து நிண்டால் விளக்குமாறும் சாக்கும் கையுமா வந்திடுவா. "தம்பி, உதுக்குள்ளை சிந்திற சாமான் ஏதும் கிடக்கோ?" எண்டு கேப்பா. மாபிள், பிளாஸ்ரிக் கதிரை, குளியலறைச் சாமான். என்னத்தைச் சிந்தும்? பருப்பு வந்தாலும் பிளாஸ்ரிக் நூலிலை நெய்த பை, கொழுக்கி போட முதலாளி விடமாட்டார். அக்கா கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிப்பா, பிறகு வெறுஞ்சாக்கை மடிச்சுக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு போவா. மகள் கலியாணம் முடிச்சுக் கிளிநொச்சிப் பக்கம் போயிட்டாள், மருமோனும் கூலிவேலைதான். அக்காவுக்கு அந்தக் கோழியள்தான் சீவியம். தீன் வாங்கக் கட்டுப்படியாகாமல் ஒவ்வொண்டா வித்துக்கொண்டு வந்தவ. கடைசியா ஒரு வெள்ளைப் பேட்டுக் கோழிதான் மிச்சம் எண்டு ஒருநாள் சொன்னா.

யோகனுக்கு அது மனசிலை குத்தியிருக்கு. அடுத்த முறை பருப்புப் பெட்டி வந்த நேரம், வாசல்படியிலை தடக்கினவன் மாதிரித் தடக்கி, மூட்டையைப் படியின்ரை கூர் விளிம்பிலை போட்டான். பை கிழிஞ்சு பருப்பு வாசல் முழுக்கக் கொட்டுப்பட்டுது. "ஐயோ, விழுந்திட்டுது!" எண்டு கத்தினான், நடிப்புக்குப் பரிசு குடுக்கலாம். முதலாளி உள்ளுக்கை கமராவிலை பாத்துக்கொண்டுதான் இருந்தவர். வெளியிலை வந்தார். அக்காவைப் பாத்தார். திரும்பி உள்ளுக்கை போயிட்டார். அந்த மனுசனை அதுவரைக்கும் நான் மனசுக்குள்ளை திட்டின திட்டு முழுக்கத் திருப்பி எடுத்தன்.

"அள்ளுங்கோ அக்கா" எண்டன். அவ அசையேல்லை. பருப்பைப் பாத்தா, யோகனைப் பாத்தா. கண் கலங்கியிருந்தது. குனிஞ்சு அந்தப் பருப்பு முழுக்கத் துப்புரவாக் கூட்டினா, ஒரு மணி விடாமல் அள்ளி முதலாளியின்ரை மேசைக்குப் பக்கத்திலை கொண்டுபோய் வைச்சா. திரும்பி வந்து யோகனின்ரை கன்னத்தைத் தடவிச் சொன்னா: "மோனை, நான் விழுந்ததை அள்ளுறனான், விழுத்தினதை அள்ளுறேல்லை."

விளக்குமாறு

போன வருசம் கடைக்கு ஃபோர்க்லிஃப்ட் வந்தது. சாமான் பலகைத் தட்டிலை அடுக்கி, பொலித்தீன் சுத்தி வருது. மிசின் ரெண்டு கொம்பாலை தட்டோடை தூக்குது. யோகன் அதை ஓடப் பழகிட்டான். எங்கடை ஆறு பேரிலை அவனையும் என்னையும்தான் முதலாளி வைச்சிருந்தார். மற்ற நாலு பேரையும் சந்தையிலை கண்டால் நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போறன். அவையும் அப்பிடித்தான்.

எனக்கு வாய் விட்டுக் கேக்க வந்தது ஒண்டுதான். "முதலாளி, பூமணி அக்காவைக் கடை கூட்டுறதுக்குச் சம்பளத்துக்கு வையுங்கோ" எண்டன். மனுசன் உடனை ஓம் எண்டிட்டார். நான் துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னன். அக்காவும் சிரிச்சா, அடுத்த நாளே வந்தா. வந்து பாத்தால், கடை நிலம் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. பொலித்தீன் துண்டைப் பொறுக்கினா. பிறகு கூட்டினா. கூட்டின இடத்தையே திருப்பிக் கூட்டினா. ஃபோர்க்லிஃப்ட் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வந்தால், சுவரோடை ஒதுங்கி நிண்டா. 

மாசம் முடியிற நேரம், சேலைத் தலைப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு என்னட்டை வந்தா. மகளோடை போய் இருக்கப் போறாவாம், வெள்ளைப் பேட்டையும் கொண்டு போறாவாம். "ஏனக்கா, இஞ்சை ஆரும் ஏதும் சொன்னவையோ? சம்பளம் காணாதோ?" எண்டு பதறிப்போனன். தலையை ஆட்டினா. கிட்டங்கிக் காலத்திலையிருந்து வைச்சிருந்த அந்த ஈர்க்கு விளக்குமாறை என்ரை கையிலை தந்தா. "தம்பி, கிட்டங்கியிலை நான் அள்ளினது என்ரை பங்கு. இஞ்சை தாறது பிச்சை. முதலாளியிட்டை இதைச் சொல்லாதை, நல்ல மனுசன்."

இப்ப நாரி ஏலாமல் மூட்டையை விட்டிட்டு, அந்த விளக்குமாறாலை கடை கூட்டுறது நான்தான். உலகம் முழுக்கச் சுத்தி ஒரு மணியும் சிந்தாமல் சாமான் வந்து சேருது, சிந்திப்போனது நாங்கள்தான், கூட்டி அள்ளுறதுக்குப் பூமணி அக்காவும் இல்லை.